தாத்தா வீட்டு மர ஜன்னல்களைப் பெயர்த்துவிட்டு யுபிவிசி போடலாமா?

வடுவூர்க்காரன்

தஞ்சாவூர் – மன்னார்குடி சாலையில் எங்கள் ஊர். முற்றம் வைத்த ஓட்டு வீடு, சுண்ணாம்புக் காரைச் சுவர், ஒன்றரை அடிக் கனம். ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி என நான்கு கதவுகள். நடுவில் செங்குத்தாக இரும்புக் கம்பிகள். நிலை எல்லாம் தேக்கு. கதவுகளில் சில தேக்கு, சில பூவரசு.

ஐப்பசி பிறந்துவிட்டால் பாதிக் கதவுகள் மூடாது, மூடியவை திறக்காது. கொசுவுக்குப் பயந்து அம்மா பொழுது சாய்வதற்கு முன்பே எல்லாவற்றையும் சாத்திவிடுகிறார். சம்பா அறுவடைக்கு இயந்திரம் இறங்கினால் சுணை முழுவதும் படுக்கையில்தான்.

பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் விசாரித்தேன். நிலையோடு பெயர்த்து எறிந்துவிட்டு யுபிவிசி எனும் கெட்டி பிளாஸ்டிக்கில் நகரும் ஜன்னல் போடச் சொல்கிறார்கள். இரட்டைக் கண்ணாடி போட்டால் ஏசி செலவு பாதியாகிவிடும் என்றும் சொன்னார்கள். நம்பலாமா? பதினொரு ஜன்னல்கள் இருப்பதால் யோசனையாக இருக்கிறது.

மேலவீதி

நிலையைப் பெயர்க்காதீர்கள். சுண்ணாம்புக் காரைச் சுவரில் கடப்பாரை பட்டால் நிலையோடு நிற்காது, மேல் வளைவும் சேர்ந்து இறங்கும். எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

தச்சுப்பட்டறை

தம்பி, ஐப்பசியில் கதவு மூடவில்லை என்றால் அது மரத்தின் இயல்பு. காற்றில் ஈரம் ஏறினால் மரம் குடித்து ஊதும், பங்குனியில் காய்ந்து சுருங்கும். நம் பக்கம் களிமண் பூமி வேறு. மழையில் மண் உப்பி, கோடையில் வெடித்து, அஸ்திவாரம் மயிரிழை அசைந்தாலும் நிலை கோணிக்கொள்ளும். இரண்டில் எது உங்கள் சிக்கல் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். சித்திரையில் தாராளமாகத் திறந்து மூடுகிறது, ஐப்பசியில் மட்டும் பிடிக்கிறது என்றால் மரத்தின் ஊதல். பன்னிரண்டு மாதமும் ஒரே மூலையில் உரசினால் நிலை கோணியிருக்கிறது.

ஊதல்தான் என்றால் மாசி, பங்குனி வரை கை வைக்கக்கூடாது. மழை நாளில் கதவு பிடிக்கிறது என்று அப்போதே இழைப்புளியைப் போட்டுச் சீவுகிறவர்கள்தான் அதிகம். கோடையில் பார்த்தால் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருக்கும். பிறகு ஆடிக் காற்றில் கதவு இரவெல்லாம் தடதடக்கும். காய்ந்த பருவத்தில் அளவு பார்த்துச் சீவி, ஓரங்களிலும் கதவின் அடிவிளிம்பிலும் எண்ணெயோ பெயிண்டோ தடவ வேண்டும். எல்லாரும் முகப்புக்குத்தான் வண்ணம் அடிக்கிறார்கள். தண்ணீர் ஏறுவது அடிவிளிம்பு வழியாக.

பூவரசுக் கதவுகளில் கரையான் அரித்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். தேக்கின் வைரப் பகுதியைக் கரையான் எளிதில் தொடாது. ஆனால் இன்று புதிதாகத் தேக்கில் செய்யலாம் என்று இறங்காதீர்கள். இளமரமாக வெட்டி வருகிறது, வெளிறு அதிகம். உங்கள் தாத்தா நிலைக்குப் போட்ட மரம் இப்போது கடையில் கேட்டால் கிடைக்காது. கேட்கும் விலைக்கும் கிடைக்காது.

கொரடாச்சேரி ஜன்னல்

நான் யுபிவிசி, அலுமினிய ஜன்னல் செய்து மாட்டும் தொழிலில் இருக்கிறேன். ஆகவே பக்கம் சாய்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. மர ஆசாரி சொன்னது அத்தனையும் சரி. அந்தச் சிக்கல்களுக்காகத்தான் புதிய ஜன்னலே வந்தது.

பழைய ஜன்னலில் மரத்தோடு மரம் மோதி மூடுகிறது. இடைவெளி இல்லாமல் மூடவே முடியாது. அந்த இடைவெளியில்தான் சுணையும் தூசியும் சாரலும் உள்ளே வருகின்றன. புதிய கீல் ஜன்னலில் கதவைச் சுற்றிலும் ரப்பர் பட்டை ஓடுகிறது. கைப்பிடியைத் திருப்பினால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் பூட்டு விழுந்து, கதவை அந்த ரப்பரின்மேல் இழுத்து அழுத்துகிறது. என்னைக் கேட்டால் கண்ணாடியை விட இந்த ரப்பரும் பூட்டும்தான் பெரிய முன்னேற்றம்.

அடுத்தது சட்டம். யுபிவிசி சட்டத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே தடுப்புகள் போட்டு அறை அறையாக இருக்கும். அவற்றில் அடைபட்டிருக்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. மூலைகளை உருக்கி ஒட்டுவதால் ஆணிக்கும் இணைப்புக்கும் இடமில்லை. வெளியே சாரல் பட்டு உள்ளே தண்ணீர் இறங்கினால் வடிவதற்குச் சட்டத்தின் அடியில் துளைகள் உண்டு. ஊதாது, கரையான் அரிக்காது, பெயிண்ட் வேண்டாம். வெயிலில் நீளும் என்பது உண்மை. இரண்டு மீட்டர் சட்டம் 30 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். அதனால்தான் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு சிலிகான் பூசுகிறோம். இடைவெளி விடாமல் சிமென்ட்டை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டுப் போகிற ஆட்களிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கண்ணாடியும் அந்தக் காலத்துக் கண்ணாடி இல்லை. பழைய கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டுத் தூண் நெளியும். உருகிய தகரத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் சமமாக்கும் முறையை பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. இன்று நாம் வாங்கும் ஜன்னல் கண்ணாடி பெரும்பாலும் அந்த முறையில் வருவதுதான். அதை 600 டிகிரிக்கு மேல் சூடேற்றிக் காற்றடித்துச் சட்டென்று குளிர்வித்தால் டஃபன்ட் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியை விட நான்கைந்து மடங்கு வலு. உடைந்தாலும் கத்தி போல் நீளமாக உடையாது, சிறு சிறு துண்டாகத்தான் கொட்டும். ஆனால் அளவுக்கு வெட்டிய பிறகுதான் பதப்படுத்துவார்கள். பிறகு ஓரத்தில் ஒரு நூல் வெட்ட வேண்டும் என்றாலும் முடியாது.

கட்டுமானம் தஞ்சை

கடைக்காரர் சொன்ன "ஏசி செலவு பாதி" என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றதில் எனக்குச் சண்டை இல்லை.

ஜன்னல் வழியாக வெப்பம் இரண்டு வகையில் வருகிறது. ஒன்று, வெளியே சூடு, உள்ளே குளிர்ச்சி என்பதால் கண்ணாடியைக் கடந்து கசிவது. மற்றொன்று, வெயிலே நேராக உள்ளே விழுவது. ஒற்றைக் கண்ணாடியில் கசிவு ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 5.7 வாட் அளவு. நடுவில் காற்று அடைத்த இரட்டைக் கண்ணாடியில் 2.8 அளவு. பாதி என்பது இங்கிருந்துதான் வருகிறது.

வெளியே 38 டிகிரி, ஏசி அறைக்குள் 26 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 12. ஒற்றைக் கண்ணாடியில் சதுர மீட்டருக்கு 68 வாட் கசிகிறது, இரட்டையில் 34 வாட். மிச்சம் 34 வாட். இப்போது அதே ஜன்னல் மேற்குச் சுவரில் இருக்கிறது, மாலை நான்கு மணி, கண்ணாடிமேல் சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் விழுகிறது என்று வையுங்கள். தெளிவான ஒற்றைக் கண்ணாடி அதில் 400 வாட்டை உள்ளே விட்டுவிடும். தெளிவான இரட்டைக் கண்ணாடி 350 வாட்டை விடும். ஆக, கசிவும் வெயிலும் சேர்த்து 468 வாட் வந்த இடத்தில் 384 வாட் வருகிறது. பாதியாகக் குறையவில்லை.

குளிர் நாடுகளில் வீட்டுச் சூடு வெளியேறாமல் இருக்க வேண்டும். அதற்காக வந்தது இரட்டைக் கண்ணாடி. நமக்கு வெயில் உள்ளே வராமல் இருக்க வேண்டும். அதற்கு வெயிலை வடிகட்டும் பூச்சுள்ள கண்ணாடி உண்டு. அல்லது வெளியிலேயே நிழல் போட வேண்டும். உள்ளே தொங்கவிடும் திரைச்சீலை அரைகுறைதான். வெயில் கண்ணாடியைக் கடந்துவிட்டது என்றாலே சூடு வீட்டுக்குள் வந்துவிட்டது.

இதனால் ஒரு வேடிக்கை. உங்கள் தாத்தா வீட்டு மரக்கதவு கண்ணாடிக்கு வெளியே நிற்கிற நிழல்தட்டியின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. மதியம் மேல் ஜோடியைச் சாத்திவிட்டுக் கீழ் ஜோடியைத் திறந்தால் வெயில் வராது, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவருக்குக் காற்று வரும். இரவில் கீழ் ஜோடியைச் சாத்தினால் தெருவில் போகிறவர் பார்வை படாது, மேலே சூடான காற்று வெளியேறும். அதைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணாடி போட்டீர்கள் என்றால் ஏசி செலவு ஏறும், இறங்காது.

வடுவூர்க்காரன்

ஐயா, இது எனக்குப் புதிது. எங்கள் வீட்டில் மேற்கே மூன்று, தெருவைப் பார்த்து வடக்கே நான்கு, மற்றவை முற்றத்தைப் பார்த்தவை. வடக்கில் வெயில் விழாது அல்லவா? அங்கே தாராளமாகக் கண்ணாடி போடலாமா?

கட்டுமானம் தஞ்சை

நம் ஊர் ஏறத்தாழ 10.7 பாகை வடக்கே இருக்கிறது. ஆனி மாதத்தில் சூரியன் 23.5 பாகை வரை போகும். ஆகவே ஆனியில் நடுப்பகல் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்துதான் வரும். ஆனால் உச்சியில் நிற்பதால் இரண்டடி சன்ஷேடு போட்டாலே தடுத்துவிடலாம். ஓட்டு வீட்டில் தாழ்வாரம் இருந்தால் அதுவே போதும். மேற்கில் சூரியன் தாழ்ந்து வரும். சன்ஷேடுக்கு அடியில் புகுந்து வரும். அங்கே மூங்கில் தட்டி, வெளிப்புற மரக்கதவு, ஒரு வேப்பமரம், ஏதாவது ஒன்று வேண்டும்.

சிங்கப்பூர்த் தஞ்சாவூரான்

இங்கும் நம்மைப் போலவே வெப்பமும் ஈரமும். அடுக்குமாடிகளில் அலுமினியக் கீல் ஜன்னல்கள் கழன்று கீழே விழுந்ததால், கீல்களில் இருந்த அலுமினிய ரிவெட்டுகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளை மாட்ட வேண்டும் என்று 2004இல் வீட்டுக்காரர்களுக்குச் சட்டமே போட்டார்கள். ஜன்னல் சட்டகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கீலும் திருகும்தான் முதலில் போகின்றன. அதைப் பற்றி யாரும் கடையில் கேட்பதில்லை.

வேதாரண்யம் உப்பளம்

சிங்கப்பூர் அண்ணன் சொன்னதை வழிமொழிகிறேன். எங்கள் பக்கம் உப்புக் காற்று. இரும்புக் கம்பி பட்டை பட்டையாக உரிந்து விழும். 304 வகை என்று சொல்லி மாட்டிய துருப்பிடிக்காத எஃகுக் கீல்களிலேயே பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. கடலோரம் என்றால் 316 வகை கேட்டு வாங்க வேண்டும். வடுவூர்க்காரருக்கு அந்த அளவு தேவைப்படாது.

நான் சொல்ல வந்தது கஜா புயல் பற்றி. 2018 நவம்பர் 16 அதிகாலை எங்களைக் கடந்தது. அன்று பல வீடுகளில் கண்ணாடி உடைந்தது காற்றால் அல்ல, பறந்து வந்த ஓட்டாலும் தென்னை மட்டையாலும். எங்கள் பழைய வீட்டில் உடைவதற்குக் கண்ணாடியே இல்லை. கனமான மரக்கதவு, குறுக்கே கட்டை. ஓடுகள் போயின. ஜன்னல் ஒன்றும் ஆகவில்லை.

அதைவிடப் பெரிய பாடம் அடுத்த வாரங்களில். மின்கம்பம் எல்லாம் சாய்ந்து கிடந்தது. ஏசியை நம்பி இறுக மூடிக் கட்டிய வீடுகளில் இருக்கவே முடியவில்லை. எங்கள் உறவினர்கள் மாடி வீட்டைப் பூட்டிவிட்டு எங்கள் திண்ணையில் வந்து படுத்தார்கள்.

கட்டுமானம் தஞ்சை

உப்பளத்தார் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். புயலில் காற்றடிக்கும் பக்கத்து ஜன்னல் உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து மேலே தள்ளும். மேலே ஓடும் காற்றும் கூரையை உறிஞ்சி இழுக்கும். இரண்டும் சேரும்போது ஓடு மட்டுமல்ல, கைமரமும் பெயரும். ஆகவே ஜன்னல் தாங்குவது என்பது கூரை தாங்குவதும்தான். கடலோரத்தில் கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய வகையைப் போடட்டும். உடைந்தாலும் இடத்தை விட்டுக் கழலாது.

கொரடாச்சேரி ஜன்னல்

யுபிவிசி சட்டத்துக்குள் துத்தநாகம் பூசிய எஃகு வலுவூட்டி செருக வேண்டும். விலை குறைக்கிறேன் என்று அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. மாட்டுவதற்கு முன் சட்டத்தின்மேல் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே எஃகு இருக்கிறது.

மேலவீதி

எல்லாரும் கண்ணாடியையும் சட்டத்தையும் பேசுகிறீர்கள். நகரும் ஜன்னலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் புது வீட்டில் எல்லாம் நகரும் ஜன்னல்தான். எப்படித் திறந்தாலும் பாதிதான் திறக்கும். ஆறடி ஜன்னலுக்குக் காசு கொடுத்துவிட்டு மூன்றடிக் காற்று வாங்குகிறோம். தண்டவாளத்தில் தூசி, செத்த பூச்சி. மழைக்காலத்தில் வடிதுளை அடைத்துக்கொண்டு தண்ணீர் நின்று உள்ளே வழிகிறது. குச்சியால் குத்திவிடுவதே எனக்கு வேலையாகிவிட்டது. மழலைகள் உள்ள வீட்டுக்கும் இடநெருக்கடி உள்ள மாடி நடைக்கும் அது சரி. காற்றுக்காகத் தவிக்கிற ஊரில் ஏன் எல்லாரும் இதையே விற்கிறார்கள்?

கொரடாச்சேரி ஜன்னல்

அக்கா, செய்வது எளிது, மாட்டுவது எளிது, விலையும் குறைவு. ஒளிப்பானேன். கீல் ஜன்னலில் பொருத்துகிற கைத்திறன் வேண்டும். கதவு தொங்கிவிட்டால் வாடிக்கையாளர் எங்களைத்தான் கூப்பிடுவார்.

கட்டுமானம் தஞ்சை

மேலவீதி அம்மா கேட்டதற்கு விதியே இருக்கிறது. மத்திய அரசு 2018இல் கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டு ஆற்றல் விதித்தொகுப்பில், வெப்பமும் ஈரமும் உள்ள பகுதிக்குத் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் 16.66 விழுக்காடு, அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வறண்ட வெப்பப் பகுதிக்கு 10 விழுக்காடு போதும். நமக்கு ஏன் கூடுதல் என்றால், ஈரக்காற்றில் வியர்வை உலராது. உடம்பின்மேல் காற்று ஓடினால்தான் உலரும்.

கணக்கிடும்போது திறக்கும் பரப்பை மட்டும்தான் எடுக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 20 சதுர அடி திறப்பு வேண்டும். நான்குக்கு ஐந்து கீல் ஜன்னல் ஒன்று ஏறத்தாழ அதைக் கொடுத்துவிடும். நகரும் ஜன்னல் என்றால் அதே அளவில் இரண்டு வேண்டும்.

வடுவூர்க்காரன்

இப்போது ஓரளவு பிடிபடுகிறது. அப்படியானால் கொசுவலைக்கு என்ன செய்வது? அம்மாவின் முறையீடு அதுதான். பழைய கம்பி நடுவில் இருக்கிறது. தெருப்பக்க அறையில் பஸ் சத்தமும் மார்கழி ஒலிபெருக்கியும் வேறு.

தச்சுப்பட்டறை

வலைக்கு ஜன்னலையே மாற்ற வேண்டியதில்லை. உங்கள் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை என்றால் கம்பிக்கு உட்பக்கம் நிலையிலேயே மெல்லிய சட்டம் போட்டு, உள்ளே திறக்கும் வலைக்கதவு மாட்டலாம். கதவு உட்பக்கம் திறப்பது என்றால் வலையைக் கம்பிக்கு வெளியே பொருத்த வேண்டும். அதுவும் கழற்றிக் கழுவும்படி இருக்க வேண்டும். எஃகு வலை என்றால் எலி கடிக்காது. தை மாதம் விளக்கைச் சுற்றி வரும் பச்சைப் பூச்சி சிறியது. சாதாரணக் கொசுவலைக் கண்ணில் நுழைந்துவிடும். வயலை ஒட்டிய அறைக்கு மட்டும் கண் நெருக்கமான வலை கேளுங்கள். எல்லா அறைக்கும் நெருக்கமாகப் போட்டால் காற்று நின்றுவிடும்.

மேலவீதி

வலைக்கதவைத் திறந்து, கம்பிக்கு நடுவே கையை விட்டு, வெளிக்கதவின் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். வயதானவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். ஒரு முறை திறந்தால் திறந்தபடி, மூடினால் மூடியபடிதான். மேல் ஜோடி, கீழ் ஜோடி இருக்கும் வீட்டில் வலையையும் இரண்டாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

கொரடாச்சேரி ஜன்னல்

சத்தத்துக்கு அந்த ஓர் அறையில் யுபிவிசி கீல் ஜன்னல் போடுங்கள், பலன் தெரியும். காற்று புகும் இடைவெளி வழியாகத்தான் சத்தமும் புகுகிறது. ரப்பர் அழுத்தி மூடினாலே பெரும்பகுதி குறையும். மேலும் குறைய வேண்டுமானால் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி. இரட்டைக் கண்ணாடிதான் வேண்டும் என்றால் இரண்டும் ஒரே கனத்தில் இருக்க வேண்டாம். ஒன்று ஐந்து மில்லிமீட்டர், மற்றது எட்டு என்று மாற்றிப் போட்டால் சத்தம் கூடுதலாக அடங்கும். ஆனால் பந்தலில் வைக்கும் பெரிய பெட்டிகளின் தடதடப்பு சுவர் வழியாகவே வரும். அதற்கு எந்த ஜன்னலும் பொறுப்பில்லை.

பழைய நிலையைப் பெயர்க்காமல் அதற்குள்ளேயே யுபிவிசி சட்டத்தைப் பொருத்தலாம். இரு பக்கமும் சேர்த்து ஐந்து அங்குலம் அளவுக்குத் திறப்பு குறையும். சுவர் தப்பிக்கும்.

இன்னொன்று. ஏசி ஓடும் அறையில் மழை நாளில் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்த்து நீர் வழியும். கண்ணாடி பழுது என்று நினைத்துக் கூப்பிடுகிறார்கள். வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது, அவ்வளவுதான். ஆனால் இரட்டைக் கண்ணாடியின் நடுவே ஈரம் படிந்தால் அடைப்பு போய்விட்டது என்று பொருள். துடைக்க முடியாது, அந்தக் கண்ணாடியையே மாற்ற வேண்டும்.

வடுவூர்க்காரன்

அம்மாவோடும் தம்பியோடும் பேசினேன். தெருப்பக்கத்தில் தம்பி படுக்கும் அறையில் உள்ள இரண்டு ஜன்னல்களுக்கு மட்டும் பழைய நிலைக்குள்ளேயே யுபிவிசி, ஒட்டிய கண்ணாடி, கீல் வகை. மேற்கே மூன்றும் மரமாகவே இருக்கும். பூவரசுக் கதவுகளில் அரித்தவற்றை மட்டும் மாற்றி, வெளியே மூங்கில் தட்டி. முற்றத்து ஜன்னல்களுக்கு வலையும் வேண்டாம் என்கிறார் அம்மா. முற்றத்துக்கு மேலேயே வலை கட்டிவிடச் சொல்கிறார். மீதிக்கு இரண்டாகப் பிரித்த வலைக்கதவு. கடைக்காரரிடம் சொன்னேன். இரண்டு ஜன்னலுக்கு ஆள் அனுப்ப முடியாது என்கிறார்.

கொரடாச்சேரி ஜன்னல்

இரண்டு என்றாலும் செய்து கொடுக்கும் பட்டறைகள் நிறைய உண்டு. திருவாரூர், தஞ்சாவூர் இரண்டு பக்கமும் கேளுங்கள். யாராக இருந்தாலும் அளவெடுக்க வரும்போது அகலம், உயரம் இரண்டையும் மட்டும் குறித்துக்கொண்டு போகவிடாதீர்கள். பழைய நிலை எதுவும் நேர்சதுரமாக இருக்காது. அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்ததை எடுக்க வேண்டும். மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுக்க வேண்டும்.

தச்சுப்பட்டறை

குறுக்களவு இரண்டுக்கும் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் யுபிவிசிக்காரரை நிறுத்திவிட்டு முதலில் ஆசாரியைக் கூப்பிடுங்கள், தம்பி. நிலைக்கு ஆப்பு வைத்து நேராக்கிய பிறகு அளக்கலாம். அந்த இரண்டு ஜன்னலில் கழற்றும் தேக்குக் கதவுகளைப் பழைய மரக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள். மேற்கே அரித்துப்போன பூவரசுக் கதவுகளுக்கு அந்தத் தேக்கை வெட்டி இணைத்துவிடலாம்.